கோத்தகிரியில் பாலைவனக் கற்றாழை பிழைக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கோத்தகிரிக்குக் கீழே அரவேனு பக்கம் பதினைந்து சென்ட் இடம். வீட்டுக்கு முன்னால் பொக்லைன் வைத்து வெட்டிய சரிவு. கோடையில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிறது. அரிசோனா வீடுகளின் படங்களில் பார்த்த மாதிரி அகேவ் என்கிற நீலச் சாம்பல் நிறப் பாலைவனக் கற்றாழையை நட்டு, சுற்றிலும் சரளைக்கல் பரப்பி, தண்ணீரே ஊற்றாத ஒரு தோட்டம் வைக்கலாமா என்கிறீர்கள். கூடவே மூன்று துணைக்கேள்விகள்: பனியைத் தாங்குமா, நாலு வயதுப் பிள்ளையும் நாயும் இருக்கிற வீட்டுக்கு ஆகுமா, பூத்தால் செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

துணைக்கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்வியிலேயே ஒரு திருத்தம் இருக்கிறது. வறட்சியைத் தாங்குமா என்று கேட்கிறீர்கள். தாங்கும், அதில் சந்தேகமே வேண்டாம். கோத்தகிரியின் பிப்ரவரி, மார்ச் வெயிலெல்லாம் அகேவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அக்டோபரில் தொடங்கி ஜனவரி முடியும்வரை அது எப்படிப் பிழைக்கும் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விவசாயத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்களே, அதில் அகேவ் எத்தனை காய்ச்சல் வேண்டுமானாலும் தாங்கும், பாய்ச்சலில்தான் சாகும். இந்த மலையில் நான் பிடுங்கிப் போட்ட அகேவ்களில் ஒன்றுகூடத் தாகத்தில் செத்ததில்லை. எல்லாம் அழுகிச் செத்தவை.

நான் தோட்டக்கலையில் டிப்ளமோ படித்தவன். இருபத்தாறு வருடமாகக் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களும் விடுதித் தோட்டங்களும் பராமரிக்கிறேன். செடியைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். சரிவு நிற்குமா, தடுப்புச் சுவர் எத்தனை அடி வேண்டும் என்பதெல்லாம் என் வேலை இல்லை. அதற்குப் பொறியாளரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அகேவ் என்பது உங்களுக்குப் புதிய செடி அல்ல. சமவெளியில் தண்டவாள ஓரத்திலும் காட்டு வேலிகளிலும் முள் நுனியோடு நிற்குமே ஆனைக்கற்றாழை, சில ஊர்களில் ரயில் கற்றாழை என்பார்கள், அது அகேவ் இனம்தான். நர்சரிக்காரர் ‘அகேவ் அமெரிக்கானா’ என்று சீட்டு ஒட்டி விற்பதும் அதையே. சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய டெக்சாஸும். நாம் முகத்தில் பூசும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் பார்வைக்குத்தான் ஒற்றுமை. சோற்றுக்கற்றாழையின் இனம் ஆப்பிரிக்கா, அரேபியாப் பக்கத்தது, வளர்ந்தபின் வருடா வருடம் பூக்கும். அகேவ் அமெரிக்கக் கண்டத்தது, ஆயுளில் ஒரே ஒரு தரம் பூக்கும். சோற்றுக்கற்றாழை என்று நினைத்து ஆனைக்கற்றாழையை ஒடித்துத் தோலில் தேய்த்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று நாள் கை வீங்கிக் கிடந்தார்.

இது வறட்சியை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்தால் ஏன் ஈரத்தில் சாகிறது என்பதும் விளங்கும். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும், அப்போதே தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். அகேவ் பகலில் கதவைச் சாத்திக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, ஓர் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழித்துச் சர்க்கரை செய்கிறது. ஆகவே இந்த வகைச் செடிகளின் இலை விடியற்காலையில் புளிக்கும், மதியத்துக்குமேல் புளிப்புப் போய்விடும். இதைச் சுவைத்துப் பார்த்து எழுதி வைத்தவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், 1813-ல். அவர் சுவைத்தது அகேவ் அல்ல, நம் ரணகள்ளியை. அந்த ஆராய்ச்சியை அகேவில் செய்து பார்க்காதீர்கள், வாய் வெந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வேண்டியது பகலில் நல்ல வெயில், வேருக்குக் காற்று. நம் மழைக்காலம் இந்த இரண்டையுமே பறிக்கிறது. வெயில் இல்லாத மூடுபனி நாட்களில் செடி சேர்த்து வைத்ததைச் செலவழிக்க முடியாமல் மந்தமாகிவிடும், தண்ணீர் குடிப்பதும் குறையும். வேரோ ஈரத்திலேயே கிடக்கும். பூசணம் அங்கிருந்து தொடங்கும். ரோஜா இதழ் அடுக்கு மாதிரி இருக்கிற இலைகளின் நடுக்குழியில் பனித்தண்ணீர் தேங்கி, குருத்து மேலிருந்து அழுகுவதும் உண்டு.

‘மெக்சிகோவிலும் மழை பெய்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். பெய்கிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆனால் அங்கே அது கோடைக்கால மழை, பாறைச் சரிவில் விழுந்த வேகத்தில் வடிந்துவிடும், குளிர்காலம் வறண்டு கிடக்கும். கோத்தகிரியில் முறை தலைகீழ். ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சியில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் வரும்போது பாதி தீர்ந்துவிடுகிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்குமேல் பெய்தது. உங்களுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மண் ஊறிக் கிடக்கிற அந்த நேரத்திலேயே குளிரும் ஏறுகிறது. ஈரமும் குளிரும் சேர்ந்து வருவதுதான் பாலைவனச் செடிக்கு எமன். கொடைக்கானல்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றேன், அடுத்தவர் பணத்தில். குன்னூரில் ஒரு விடுதிக்கு முள்ளில்லாத அகேவ் நாற்பது வேண்டும் என்றார்கள். அட்டனுவாட்டா என்ற வகை, யானைத் துதிக்கை மாதிரி பூந்தண்டு வளைந்து தொங்கும், பார்க்க மிக அழகு. காய்கறிக்கு எடுக்கிற மாதிரி இரண்டடிக் குழி எடுத்து, அடியில் ஜல்லி போட்டு, தொழு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, ஜூலையில் நட்டேன். செப்டம்பர் வரை தளதளவென்று நின்றன. முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நவம்பர் கடைசியில் ஒரு செடியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று ஒன்றே இல்லை, கூழ்தான். நாற்பதில் முப்பத்தொன்று போயின. குழியை வெட்டிப் பார்த்தபோது அடியில் போட்ட ஜல்லியில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. களிமண் கலந்த நம் மண்ணில் குழி எடுத்தால் அது தொட்டி. தொட்டிக்குள் ஜல்லி போட்டால் ஜல்லி நனையுமே தவிர தண்ணீர் எங்கே போகும்? குழியடி ஜல்லி வடிகால் ஆகும் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறு.

இப்போது நான் குழியே எடுப்பதில்லை. தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டுகிறேன், சரிவில் என்றால் கருங்கல் அடுக்கி அதற்குப் பின்னால். மேட்டுக்கான கலவையில் பாதிக்குமேல் கல்வகை இருக்க வேண்டும்: கால் அங்குலச் சிப்ஸ், கழுவிய எம்-சாண்ட், கிடைத்தால் உடைந்த செங்கல். மீதி உங்கள் இடத்து மேல்மண். தொழு உரம் ஒரு கை, அதற்குமேல் வேண்டாம். குவாரித் தூள் மலிவாகக் கிடைக்கிறதென்று போடாதீர்கள், மழையில் இறுகி சிமென்ட் மாதிரி ஆகிவிடும். தேயிலைக்காரர்கள் போடுகிற டோலமைட் சுண்ணாம்புத் தூளை ஒரு செடிக்கு ஒரு பிடி சேர்ப்பேன், ஏனென்றால் நம் மலை மண் புளிப்பு மண், அகேவ் பிறந்த மண் பெரும்பாலும் சுண்ணாம்பு மண். டோலமைட் போடாமலும் வளர்ந்த செடிகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை என் பழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டு வடிகால் அப்படியல்ல, அது இல்லாமல் ஆகாது.

நடும்போது கழுத்துப் பகுதி, அதாவது இலையும் வேரும் சேருகிற இடம், மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். சரிவில் செடியை லேசாகச் சாய்த்து நட்டால் நடுக்குழியில் தண்ணீர் நிற்காது, பாறை இடுக்கில் அது தானாக வளர்கிற விதமும் அதுதான். மேலே சருகு மூடாக்கு போடாமல் சரளைக்கல்லே போடுங்கள், உங்கள் படத்தில் இருக்கிற மாதிரி. அரிசோனாக்காரர் அழகுக்குப் போடுகிறார், நமக்கு அது கழுத்தை உலர்வாக வைக்கிற வைத்தியம். பருவம் முக்கியம்: பனி முடிந்து பிப்ரவரி கடைசி, மார்ச்சில் நடுங்கள். மழைக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். தண்ணீரே வேண்டாம் என்பது வேர் பிடித்த செடிக்குத்தான் பொருந்தும். முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு குடம் ஊற்றியே ஆக வேண்டும், கோடை மழை பெய்த வாரம் அதுவும் வேண்டாம். இரண்டாவது வருடத்திலிருந்து மறந்துவிடலாம்.

பனிக்கு வருவோம். நவம்பரில் விழுகிற நீர்ப்பனி ஒன்றும் செய்யாது. உறைபனிதான் கணக்கு. ஊட்டி தலைக்குந்தா, காந்தல் மாதிரி பள்ளங்களில் புல் வெள்ளையாகிற நாட்கள் வருடா வருடம் உண்டு. அரவேனு கோத்தகிரியைவிடச் சற்றுத் தாழ்வு, அதிலும் சரிவு. குளிர்காற்று கீழே வழிந்து போய்விடும், பள்ளத்தில்தான் தேங்கும். ஆகவே உங்களுக்கு உறைபனி பெரிய கவலை இல்லை. அமெரிக்கானா வகை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரி வரை தாங்கும் என்பார்கள், பாரியி என்ற சிறிய வகை அதைவிடக் கடுமையான குளிரையும் தாங்கும். முள்ளில்லாத அட்டனுவாட்டா இரண்டு டிகிரி கீழே போனாலே இலை கறுத்து வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். இதில் அட்டனுவாட்டா கறுப்பதை ஊட்டியில் என் கண்ணாலேயே பார்த்தேன். மற்ற எண்களை நான் சற்று ஒதுக்கியே வைப்பேன், ஏனென்றால் அவை வறண்ட குளிரில் எடுத்த கணக்கு. வேர் ஈரத்தில் இருக்கும்போது அதே செடி அவ்வளவு தாங்காது. சந்தேகமாக இருந்தால் முதல் இரண்டு குளிர்காலம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் செய்கிற மாதிரி மிலார் செடிக் கிளைகளை வெட்டி வந்து மூடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

பிள்ளை, நாய். இங்கே நான் உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். அமெரிக்கானாவின் இலை ஆளுயரம் வரை நீளும், நுனியில் கோணி ஊசி மாதிரி முள், ஓரத்தில் ரம்பம். நாலு வயதுப் பிள்ளையின் கண் உயரமும் அந்த நுனி உயரமும் ஒன்றே. நடைபாதையிலிருந்து ஆறடிக்கு உள்ளே அதை நடாதீர்கள். நுனி முள்ளை மட்டும் கவாத்துக் கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிடலாம், செடிக்குப் பாதகமில்லை, ஆனால் புது இலை வரும்போதெல்லாம் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாற்றில் ஊசி மாதிரி நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உண்டு, தோலில் பட்டால் அரித்துத் தடிக்கும், நாய் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடிக்கும். இலை வெட்டுகிற அன்று கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் போடுங்கள். புல்வெட்டும் மிஷினை இதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சாறு முகமெல்லாம் தெறிக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை, ஒன்றரை அடிக்குமேல் வளராத விக்டோரியா ரெஜினே என்ற வகையைத் தொட்டியில் வைத்து உயரத்தில் வையுங்கள். இலையில் வெள்ளைக் கோடு போட்டு, கூனைப்பூ மாதிரி உருண்டிருக்கும். மெதுவாக வளரும், பக்கக்கன்று அதிகம் விடாது.

பூத்தால் சாகும் என்பது உண்மை. நூறு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் என்பதுதான் பொய். பத்திலிருந்து முப்பது வருடத்துக்குள் பூத்துவிடும். நடுவிலிருந்து தண்ணீர்விட்டான் கிழங்கின் முளையைப் பல மடங்கு பெரிதாக்கிய மாதிரி ஒரு தண்டு கிளம்பி (இரண்டும் ஒரே குடும்பம்தான்), சில மாதத்தில் இருபத்தைந்து அடி வரை எழும்பும். தண்டை வெட்டினால் தாய் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், நான் இரண்டு முறை வெட்டிப் பார்த்தேன், இரண்டு தாயும் போயின, கொஞ்சம் மெதுவாகப் போயின, அவ்வளவுதான். சுற்றிலும் பக்கக்கன்றுகள் நிற்கும், பரம்பரை அறாது. உங்கள் கவலை காற்றைப் பற்றி இருக்கட்டும்: ஜூன், ஜூலைக் காற்றில் அந்தத் தண்டு சாய்ந்தால் ஓடு உடையும். மின்கம்பிக்குக் கீழே நடாதீர்கள்.

நீங்கள் நேராகக் கேட்காத ஒன்று: சரிவு மண்ணை அகேவ் பிடித்துவைக்குமா? வைக்காது. அதன் வேர் மேலாகப் படர்கிற சல்லிவேர், செடியோ கனமான செடி. பொக்லைன் செங்குத்தாக வெட்டிய மண் திட்டின் விளிம்பில் அதை வரிசையாக நட்டால் ஊறிய மண்ணுக்கு மேலே மூட்டை அடுக்கின மாதிரிதான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்ததை நான் பார்த்தவன். ஆகவே இதில் விளையாட மாட்டேன். திட்டின் விளிம்புக்கு வெட்டிவேர் நடுங்கள், அதன் வேர் செங்குத்தாக ஆளுயரத்துக்குமேல் இறங்கும். அகேவை சமமான இடத்தில், கல் அடுக்கிய மேட்டில் வையுங்கள்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. அமெரிக்கானா அழுகாமல் பிழைத்துவிட்டால் பிறகு அதைச் சாகடிப்பது கஷ்டம். பக்கக்கன்று மண்ணுக்கடியில் ஓடி ஓடி முளைக்கும், தென்னாப்பிரிக்காவின் சில பகுதிகளில் அதை ஆக்கிரமிப்புச் செடியாகவே பட்டியலிட்டிருக்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியும் மெக்சிகோப் பக்கத்துச் சரக்குதான். வேலிக்காகவும் சாயப்பூச்சி வளர்க்கவும் கொண்டுவந்து, தென்னிந்திய நிலமெல்லாம் அடைத்து, கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைச் சாயப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. உண்ணிச்செடியும் அழகுக்கு வந்ததுதான், வாட்டில் என்கிற சீகை மரம் விறகுக்கும் பட்டைக்கும் வந்தது, இன்று அவை சோலையையும் புல்வெளியையும் எப்படி மூடியிருக்கின்றன என்று கோடநாடு போகிற வழியில் பார்த்தாலே தெரியும். அகேவ் அந்த அளவுக்கு நீலகிரியில் போகவில்லை. ஆனாலும் வெட்டிய பக்கக்கன்றுகளைச் சரிவில் கீழே எறியாதீர்கள். காயவைத்து எரியுங்கள், அல்லது தொட்டியில் வைத்து யாருக்காவது கொடுங்கள். வெட்டுக்காயம் நிழலில் ஒரு வாரம் காய்ந்த பிறகே நட வேண்டும்.

எனக்கே அந்த இடத்தைக் கொடுத்தால் அகேவ் மூன்றுக்குமேல் வைக்க மாட்டேன். மீதி இடத்தில், தென்னாப்பிரிக்க மலைகளிலிருந்து வந்தவற்றை நடுவேன். மரக்கற்றாழை என்கிற ஆலோ ஆர்போரசென்ஸ் லேசான உறைபனியைத் தாங்கும், நம் மழைக்கு அகேவைவிட நன்றாக ஈடுகொடுக்கும், டிசம்பர், ஜனவரியில் செங்காவி நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், தேன்சிட்டு வந்துகொண்டே இருக்கும். நிஃபோஃபியாவும் அகபாந்தஸும் பழைய பங்களாத் தோட்டங்களில் பார்ப்பாரில்லாமல் கிடந்தே பூக்கின்றன. இடையிடையே மெக்சிகோ மலைச்செடியான எச்செவேரியாவைக் கல்லிடுக்கில் செருகலாம். செடி வாங்குவதற்கு முன் ஊட்டி தாவரவியல் பூங்காவின் கள்ளிச்செடிக் கூடத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அவற்றைக் கண்ணாடிக்கூரைக்குக் கீழே வைத்திருப்பது வெறும் குளிருக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அகேவ் வைக்க நினைக்கிற இடத்தில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். இரண்டாம் முறை ஐந்தாறு மணி நேரத்தில் வடிந்தால் அரையடி மேடே போதும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் ஒன்றரை அடி மேடும் கல்சுவரும் இல்லாமல் அங்கே எதுவும் நடாதீர்கள். எத்தனை மணி நேரம் ஆனது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, காலை வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று இந்த மூன்றையும் எழுதுங்கள், எந்த வகை எத்தனை செடி என்று அப்போது சொல்கிறேன்.